வார்டனம்மாளின் தலையணை உறை

அங்கயற்கண்ணி அம்மாளின் தலையணை உறைக்குள்ளிருந்து முதலில் வந்தது ஒரு கம்மல், அப்புறம் ஒரு பூட்டுச்சாவி, அப்புறம் ஒரு பல்செட், அப்புறம் ஒரு பூனை, சித்திரை பிறந்த வாரத்தில் டைனமோ வைத்த பச்சை சைக்கிள் ஒன்று என்று ஒன்பதாம் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வார்கள். பல்செட் முதலா பூனை முதலா என்பதில் மட்டும் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் தகராறு இன்னும் தீரவில்லை.

மதுரை பைபாஸ் ரோட்டை ஒட்டிய பழைய ஹவுசிங் போர்டு குடியிருப்பு அது. மூன்றாவது மாடியில் கடைசி வீடு. அங்கயற்கண்ணி அம்மாள் முப்பத்து நான்கு வருஷம் ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்தவர். எண்பத்தொரு வயதில் ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வந்தார், முதலில் காஸ் அடுப்பை அணைப்பதை, பிறகு மகன் தயாளனின் பெயரை, பிறகு நடப்பதை, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விழுங்குவதை; தான் வார்டன் என்பதை மட்டும் மறக்கவில்லை. மருமகள் சுகந்தியை உதவி வார்டன் என்று நினைத்தார். தயாளனை விடுதிக்குக் காய்கறி போடுகிறவர் என்று நினைத்து, கத்தரிக்காய் முழுக்கச் சொத்தை என்று தினமும் காலையில் கண்டித்தார். நாளைக்கு நல்லதாகப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுத் தயாளன் வேலைக்குப் போனான்.

அவரைப் பார்த்துக்கொள்ள வந்தவள் மரியபுஷ்பம். வத்தலக்குண்டு பக்கம், நாற்பத்தாறு வயது. படுக்கையில் விழுந்தவர்களுக்கு வீட்டோடு தங்கிப் பார்க்க ஆள் அனுப்பும் ஒரு நிறுவனம் வெளிர்நீலக் கோட்டும் ஒரு நோட்டும் கொடுத்து அவளை அனுப்பியிருந்தது. ‘இல்லை’ என்ற வார்த்தையைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்பதுதான் அங்கே கொடுத்த பயிற்சியில் அவள் முதலில் கற்றது. மறதிக்காரர் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் என்ன என்று கேட்க வேண்டும். அப்படியே முந்தைய வீடுகளில் அவள் ஒருவருக்குச் செத்துப்போன தங்கையாக இருந்திருக்கிறாள், ஒருவருக்குப் பள்ளிக்கூடத்து ஆயாவாக, ஒரு பழைய தாசில்தாருக்கு எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்து இரண்டு வழக்கில் தோற்றும் இருக்கிறாள். இந்த வீட்டில் அவள் பிரமிளா. பிரமிளா யார் என்று யாருக்கும் தெரியாது. விடுதியில் இரண்டாம் வருஷம் பி.காம். படித்த ஏதோ ஒரு பெண் என்று மட்டும் அம்மாளின் பேச்சிலிருந்து புரிந்தது.

“பிரமிளா, ஒண்ணு குறையுது” என்பார் அங்கயற்கண்ணி அம்மாள், காலையில் கண் திறந்ததும், கஞ்சி வாய்க்குள் போவதற்கு முன்னால், கஞ்சி வாயில் இருக்கும்போது, புரட்டிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போடும்போது. “எங்க போச்சுன்னு பாரு.”

“பாக்குறேன் மேடம்” என்பாள் புஷ்பம்.

பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிறு புஷ்பத்துக்கு விடுமுறை. அன்று வேறொரு பெண் மாற்றுக்கு வருவாள். புஷ்பம் கிளம்பும்போது வாசலில் பையைத் திறந்து காட்ட வேண்டும். இது அந்த வீட்டு வழக்கம். புஷ்பத்துக்கு முன்னால் இருந்த செல்வராணி என்ற பெண்ணின் காலத்தில் சுகந்தியின் கம்மல் ஒன்று காணாமல் போய், நான் எடுக்கலை என்று மூன்று நாள் அழுத செல்வராணியை நிறுத்தியதிலிருந்து ஏற்பட்ட வழக்கம். புஷ்பம் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சேலை ரெண்டு, டிபன் டப்பா ஒண்ணு, பைபிள் ஒண்ணு, தைலம் ஒண்ணு என்று சத்தமாகச் சொல்வாள். சுகந்தி வேறெங்கோ பார்த்தபடி தலையாட்டுவாள். கட்டிலில் இருந்து வார்டனம்மாளின் குரல் வரும்: “அடியில கை விட்டுப் பாரு. அடியிலதான் ஊறுகாய் பாட்டில் வச்சிருப்பாளுக.”

கம்மல் வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. திங்கட்கிழமைதான் புஷ்பம் தலையணை உறை மாற்றுவாள். உறையை உதறியபோது அது தரையில் விழுந்து உருண்டு சுகந்தியின் கால் பக்கத்தில் நின்றது. மறதிக்காரர்கள் எதையாவது எடுத்து ஒளித்துவைப்பது புஷ்பத்துக்குப் பழக்கம். தாசில்தார் அரிசி டப்பாவுக்குள் தன் மூக்குக்கண்ணாடியைப் புதைத்து வைப்பார். ஆனால் அந்த உறையை அவள் அதற்கு முன் பதினோரு திங்கட்கிழமை துவைத்து உலர்த்தி மாட்டியிருந்தாள். சுகந்தி கம்மலை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். செல்வராணியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பையைத் திறக்கச் சொல்வதையும் விடவில்லை. விட்டால் ஏன் விட்டோம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

மறுநாள் உறைக்குள் ஒரு பூட்டுச்சாவி இருந்தது. அது அந்த வீட்டுப் பூட்டு எதற்கும் சேரவில்லை. எதிர்வீட்டுக்காரர் எட்டு வருஷமாக உடைக்க மனமில்லாமல் வைத்திருந்த டிரங்குப் பெட்டிக்குச் சேர்ந்தது. புதன்கிழமை முதல் மாடி குழந்தைவேலு ராமேஸ்வரம் போன ரயிலில் ஜன்னல் வழியாகத் தும்மியபோது பறிகொடுத்த பல்செட் வந்தது. குழந்தைவேலு குடியிருப்போர் சங்கச் செயலாளர். பற்கள் இல்லாத ஆறு வருஷமும் சங்கக் கூட்டங்களில் அவர் பேசியது யாருக்கும் புரியாமல் எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறியிருந்தன. பல்செட்டைக் கழுவி மாட்டிக்கொண்டு அவர் சொன்ன முதல் வாக்கியம், இதை முறைப்படுத்த வேண்டும் என்பது. குடியிருப்பில் சிலர் பெருமூச்சு விட்டார்கள்.

பூனை வந்தது அதே வாரம். இரண்டு வருஷத்துக்கு முன் தொலைந்த பூனை அது. உறைக்குள்ளிருந்து சோம்பல் முறித்துக்கொண்டு இறங்கி, படிக்கட்டில் இரண்டு மாடி நடந்து, தன் பழைய வீட்டு வாசலில் உட்கார்ந்து, நேற்றுதான் போன மாதிரி பால் கேட்டது.

அதற்குப் பிறகு ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். ஆச்சரியப்பட வரவில்லை. ரேஷன் கடைக்குப் போவது போல், எண்ணெய் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்பது போல் வந்தார்கள். குழந்தைவேலு டோக்கன் போட்டார், ஒரு நாளைக்கு எட்டுப் பேர், மாலை நாலிலிருந்து ஆறு வரை, நோயாளிக்குத் தொந்தரவு கூடாது என்று மாடிப்படியில் எழுதி ஒட்டினார். நாலாம் பிளாக்கில் இருந்த ஒரு பகுத்தறிவுக்காரர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தையலைப் பிரித்துப் பார்த்து, இது கூட்டு மனப்பிரமை என்று சொன்னார். அன்றைக்கே அவர் எப்போதோ தொலைத்த மூக்குக்கண்ணாடி உறைக்குள் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு மறுபடி ஒருமுறை தையலைப் பார்த்துவிட்டு, ஆராய்ச்சிக்கு உரிய விஷயம்தான் என்று சொல்லிப் போனார். அதற்கு மேல் யாரும் காரணத்தைத் தேடவில்லை. காரணத்தைத் தொலைத்தவர்கள் யாரும் அங்கே இல்லாததால் அது உறைக்குள்ளிருந்து வரவும் இல்லை.

வந்தவர்களுக்குப் பொருள் சும்மா கிடைக்கவில்லை. வார்டனம்மாள் தன் விடுதி முறைப்படிதான் கொடுத்தார். வருஷம் முழுவதும் பெண்களிடம் பறிமுதல் செய்த ஊறுகாய், நாவல், முகப்பவுடர், தண்ணீர் சூடாக்கும் கம்பி எல்லாவற்றையும் பீரோவில் வைத்திருந்து, கடைசி நாள் ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுத் திட்டிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுப்பது அவருடைய வழக்கமாக இருந்ததாம். எனவே இங்கேயும் திட்டு உண்டு, கையெழுத்து உண்டு. கையெழுத்துக்கு வேறு நோட்டு இல்லாததால் புஷ்பம் தன் நிறுவனம் கொடுத்த நோட்டையே திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். முன்பக்கத்திலிருந்து ரத்த அழுத்தம், கஞ்சி எத்தனை கரண்டி, எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்தது. பின்பக்கத்திலிருந்து பல்செட் ஒன்று, பூனை ஒன்று, பெற்றுக்கொண்டேன்.

திட்டுக்காகவே சிலர் வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற அறுபத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் கைக்கடிகாரத்தை வாங்க நின்றபோது, விடுதிப் பின்சுவர் ஏறிக் குதித்து மேட்னி ஷோ போனதற்காக, அப்பாவுக்குத் தந்தி அடிக்கப்போவதாக வார்டனம்மாள் எச்சரித்தார். அவருடைய அப்பா இறந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது. அப்பாவுக்கு மட்டும் சொல்லிராதீங்க மேடம் என்று கெஞ்சிவிட்டு அவர் படியிறங்கும்போது இருபது வயதுக்காரர் மாதிரி இரண்டிரண்டு படியாகத் தாண்டினார். இரட்டைப் பின்னல் போடாமல் வந்ததற்காக முழுவழுக்கையான தபால்காரர் திட்டு வாங்கினார். மறுநாளும் போடாமல் வந்தார்.

எல்லோருக்கும் கேட்டது கிடைத்தது என்று சொல்ல முடியாது. மனைவி போய்விட்ட ஒருவர் ஏழாம் பிளாக்கிலிருந்து நாலு நாள் தொடர்ந்து வந்தார். ஐந்தாம் நாள் உறைக்குள் ஒரு ஹேர்பின் மட்டும் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். சைக்கிள் வந்த அன்று மட்டும் கொஞ்சம் சிரமமாகிவிட்டது. ஹேண்டில்பார் மாட்டிக்கொண்டது. கீழேயிருந்து வாட்ச்மேன் காசிமாயன் வந்து, மாடு கன்று போடும்போது இழுப்பது போல ஒரு காலைக் கட்டிலில் ஊன்றிப் பைய இழுத்தார். வந்த சைக்கிளில் காற்றுக்கூடக் குறையவில்லை. உறை கிழியவும் இல்லை.

இத்தனைக்கும் நடுவில் வார்டனம்மாள் சொல்லிக்கொண்டே இருந்தார்: “ஒண்ணு குறையுது.”

ஆள்தான் குறைகிறது என்று முதலில் நினைத்தார்கள். விடுதியில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஜர் எடுப்பார்களே, அதுதான் என்று புஷ்பம் நினைத்தாள். பக்கத்து பிளாக்கையும் சேர்த்துப் பெண்களை எல்லாம் மூன்றாம் மாடி நடையில் வரிசையாக நிற்கவைத்தாள். கட்டிலைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டார்கள். உலையை இறக்கிவிட்டு வந்தவர்கள், தலைக்குச் சாயம் பூசியபடி வந்தவர்கள், எல்லோரும் உள்ளேன் மேடம் என்றார்கள். நாற்பத்திரண்டு பேர். ஒண்ணு குறையுது என்றார் வார்டனம்மாள். தெருவில் கொய்யாப்பழம் விற்ற பெண்ணைக் கூடையோடு ஏற்றி நிறுத்தினார்கள். அப்போதும் ஒன்று குறைந்தது. காசிமாயன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கடைசியில் நின்று மெல்லிய குரலில் உள்ளேன் என்றார். “மீசை முளைச்ச அந்தப் பிள்ளைய மெடிக்கல் செக்கப்புக்கு அனுப்பு” என்றார் வார்டனம்மாள். நாற்பத்து மூன்று பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சுகந்தி சமையலறைக்குள் போய்ச் சிரித்தாள். ஆனால் வார்டனம்மாள் அன்று கஞ்சியை இரண்டு கரண்டிக்கு மேல் வாங்கவில்லை. கண்கள் நடையையே பார்த்துக்கொண்டிருந்தன.

பத்தாவது மாதம், ஒரு திங்கட்கிழமை, உறைக்குள் ஒரு சிவப்புச் செருப்பு இருந்தது. விரல் உயரத்துக்குக் குதிகால் வைத்த, முன்னால் சின்னப் பித்தளை வளையம் வைத்த, அந்தக் காலத்து ஹீல்ஸ். இடது கால். பிளாக் பிளாக்காகக் கேட்டும் யாரும் உரிமை கொண்டாடவில்லை. வார்டனம்மாள் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“இதேதான். ஒண்ணு குறையுது பாரு. மத்தது எங்க?”

அன்று மத்தியானம், முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் புஷ்பத்தின் காதை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடையிடையே தூங்கிப்போய், விழித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து, சொல்லி முடித்தார். பிரமிளாவிடமிருந்து பறிமுதல் செய்த ஜோடி அது. விடுதியில் ஹீல்ஸ் கூடாது. பீரோவில் வைத்துப் பூட்டிய அன்று மாலை, எல்லாப் பெண்களும் படிப்பு நேரத்தில் இருந்தபோது, கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, ரேடியோவைக் கொஞ்சமாகத் திருப்பி வைத்து, அவரே அதைப் போட்டுப் பார்த்தார். மேஜையிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடந்தார். ஜன்னலிலிருந்து மேஜைக்குத் திரும்பும்போது நடக்கவில்லை, ஆடினார். வலது குதிகால் முறிந்தது.

“எனக்கு முப்பத்திரண்டு வயசு. அதுக்கு முந்தி போட்டதில்ல, பிந்தியும் போட்டதில்ல. முறிஞ்சத விடுதிக் கிணத்துல வீசிட்டேன். நீ கடைசி நாள் வந்து கேட்டப்ப குப்பையில போட்டாச்சுன்னு சொன்னேன். நீ அழுதுகிட்டே போன. கையெழுத்துப் போடாமப் போன ஒரே பிள்ளை நீதான்.”

“பரவாயில்ல மேடம்” என்றாள் புஷ்பம்.

“பரவாயில்லன்னு நீ சொன்னா ஆச்சா. திருப்பிக் கொடுக்கணும்ல.”

அதன்பின் அவர் செருப்பை விடாமல் பிடித்துக்கொண்டு, விரலை நீட்டி விரலை நீட்டி மற்றதைக் கேட்டார். வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டர், இன்னும் மூன்று வாரம், நாலு வாரம் என்று தயாளனிடம் சொன்னார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டாம், வலியில்லாமல் இருக்கட்டும், வாயை நனைத்துக்கொண்டே இருங்கள் என்றார். அதே வாரம் புஷ்பத்தின் நிறுவனத்திலிருந்து போன் வந்தது. ஒரு வீட்டில் பதினோரு மாதத்துக்கு மேல் ஒரே ஆளை அவர்கள் வைப்பதில்லை, பாசம் வைத்துவிட்டால் வேலை கெட்டுவிடும் என்பது அவர்கள் விதி. வருகிற இரண்டாவது ஞாயிறு திருப்பூரில் ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். புது ஆள் வந்து பொறுப்பேற்பாள். புஷ்பம் சரிங்க என்று சொன்னாள். போனை வைத்துவிட்டு வார்டனம்மாளைப் புரட்டிப் படுக்கவைத்தாள். இத்தனை வீட்டில் யாரும் எதையாவது கேட்டு அவள் எடுத்துக் கொடுக்காமல் போனதில்லை. இல்லாத தங்கையையே கொடுத்திருக்கிறாள். ஒற்றைச் செருப்பைக் கொடுக்க முடியாமல் போகப் போகிறாள்.

தினமும் காலையில் உறையை உதறினாள். ஒரு செஸ் ராணி வந்தது. பழைய பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட் வந்தது. செருப்பு வரவில்லை.

வழி சொன்னது காசிமாயன். மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்தபடி சொன்னார்.

“ஏம்மா புஷ்பம், குழந்தைவேலு சார் பல்செட்டு குழந்தைவேலு சார் தலகாணியிலயா வந்துச்சு? இல்லேல்ல. அடுத்தாளு தலகாணியிலதான வந்துச்சு. அப்ப அந்தம்மா வீசுனது அந்தம்மா தலகாணியில எப்புடி வரும்? வேற எவன் தலைக்கடியிலயோ கெடக்கும்.”

இது ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று குழந்தைவேலுவுக்கு வருத்தம். அவசரக் கூட்டம் போட்டார். பல்செட் இருந்ததால் அவர் பேசியது முழுவதும் புரிந்தது, ஆனால் இந்த ஒருமுறை யாரும் எதிர்க்கவில்லை. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பது பிளாக்கிலும் எல்லாத் தலையணைகளையும் உதறுவது என்று தீர்மானம் ஆயிற்று. அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள். நூற்று எட்டு வீட்டு பால்கனிகளிலும் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று, காசிமாயன் கேட்டில் கம்பியால் மணி அடித்ததும், உறையைக் கழற்றி உதறினார்கள். உறையோடு விடாமல் சந்தேகப்பட்டவர்கள் தலையணையையே கிழித்தார்கள். இலவம்பஞ்சு மூட்டை மூட்டையாக வெளியே வந்து, காற்றில் ஏறி, பிளாக்குகளுக்கு நடுவே நின்று சுழன்று, துணிக்கொடிகளிலும் கேபிள் வயர்களிலும் வேப்பமரத்திலும் ஆட்டோக்களின் தலையிலும் படிந்தது. பைபாஸ் ரோட்டில் பஸ்கள் நின்றன. பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு ஓடின. எல்லோர் தலையும் நரைத்து, எல்லோரும் ஒரே வயதுக்காரர்கள் போல ஆகி, தும்மித் தும்மிச் சிரித்தார்கள். தயாளன் அம்மாவைத் தூக்கி ஜன்னலோரம் சாய்த்து உட்காரவைத்தான். “எவளோ மெத்தையக் கிழிச்சிருக்கா. எல்லாரையும் முட்டி போடச் சொல்லு” என்று சந்தோஷமாகச் சொன்னார் அவர்.

நூற்று எட்டு வீட்டிலும் செருப்பு இல்லை. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்து இல்லை என்று சொன்னார்கள். இரண்டு தலையணைக்காரர்கள், ஒன்பது தலையணைக்காரர்கள், தலையணையே வைக்காமல் படுக்கும் சாமியார்மடத்துச் சீடர் ஒருவர், எல்லோருடைய கணக்கையும் குழந்தைவேலு சரிபார்த்து முடித்தார். ஒன்றும் விடுபடவில்லை என்றார்.

மறுநாள் ஞாயிறு. புது ஆள் வந்துவிட்டாள். இளம்பெண். வெளிர்நீலக் கோட்டில் இன்னும் மடிப்பு கலையவில்லை. புஷ்பம் அவளுக்குக் கஞ்சியின் பதம் காட்டினாள், எந்தப் பக்கம் படுத்தால் இருமல் வரும் என்று சொன்னாள், பிரமிளா என்றால் நீதான் என்று சொன்னாள். கட்டிலுக்கு அடியில் தான் பாய் விரிக்கும் இடத்திலிருந்து பையை இழுத்து, அலமாரியில் இருந்த சேலைகளை எடுத்து மேலாகத் திணித்தாள். கழுத்தைத் தடவிவிட்டுக்கொண்டாள். மூன்று நாளாக அவளுக்குக் கழுத்து வலி. வார்டனம்மாளிடம் போய் வரேன் மேடம் என்று சொன்னபோது அவர் இடது செருப்பை அணைத்தபடி வெறும் கையை நீட்டினார். புஷ்பம் அந்தக் கையைப் பிடித்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

வாசலில் சுகந்தி நின்றாள். பக்கத்து வீட்டார், காசிமாயன், குழந்தைவேலு எல்லோரும் வழியனுப்ப நடையில் நின்றார்கள். சுகந்தி பையைப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் பழக்கம் விடவில்லை. அவளைக் காக்கவைக்காமல் புஷ்பமே குத்துக்காலிட்டு உட்கார்ந்து திறந்தாள்.

“சேலை மூணு. டிபன் டப்பா ஒண்ணு. பைபிள் ஒண்ணு. தைலம் ஒண்ணு.”

“அடியில கை விட்டுப் பாரு” என்று கட்டிலில் இருந்து குரல் வந்தது. ரொம்ப மெலிந்திருந்தாலும் வார்டனின் குரல்தான்.

புஷ்பம் அடியில் கை விட்டாள். அவள் முகம் மாறியது. கையை வெளியே எடுத்தபோது அதில் ஒரு சிவப்புச் செருப்பு இருந்தது. வலது கால். முன்னால் பித்தளை வளையம், குதிகால் பாதியில் முறிந்து தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. நனைந்திருந்தது. கிணற்றுப் பாசி வாசனை நடையெங்கும் அடித்தது.

புஷ்பம் சுகந்தியைப் பார்த்தாள். அவள் வாய், பதினோரு மாதத்தில் அந்த வீட்டுக்குள் சொல்லாத வார்த்தையைச் சொல்லத் திறந்தது.

“நான் எடுக்...”

“பேசாத” என்றாள் சுகந்தி. அவள் செருப்பைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓரம் நைந்த, நடுவில் ஒரு தலையின் அளவுக்குக் குழிந்த பை. “நீ ராத்திரி எதுல தல வச்சுப் படுக்குற?”

புஷ்பத்தின் கை கழுத்துக்குப் போனது. குழந்தைவேலு தன் கையில் இருந்த தலையணைப் பட்டியலைப் பார்த்தார், மடித்தார், தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நூற்று எட்டு வீட்டையும் எண்ணியவர்கள், எந்த வீட்டுக்குத் தேடினார்களோ அந்த வீட்டுக் கட்டிலின் அடியில் ஒரு தலை பதினோரு மாதம் பையின்மேல் தூங்கியதை எண்ணவில்லை. சுகந்தி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் முறிந்த குதிகாலை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தாள். அது தலையாட்டியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்து, பிறகு தோள் குலுங்கி, பிறகு சமையலறைக்குள் ஓட முடியாமல் எல்லோர் முன்னிலையிலும் வந்தது. புஷ்பத்தையும் பிடித்துக்கொண்டது. புது ஆளுக்கு என்னவென்றே தெரியாமல் அவளும் சிரித்தாள். அப்படியே சிரித்துக்கொண்டு சுகந்தி நிறுவனத்துக்குப் போன் செய்து, புஷ்பத்தை அனுப்ப முடியாது, விதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னாள். அவர்கள் ஏன் என்று கேட்டிருக்க வேண்டும். வலது கால் கிடைத்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தாள். அதே மூச்சில் செல்வராணியின் பழைய எண்ணுக்கும் அடித்தாள். அந்தப் பேச்சை மட்டும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

பஸ் நிறுத்தத்துச் செருப்புத் தைக்கிறவர் ஆணியடித்து, பசை போட்டு, குதிகாலை நிமிர்த்திக் கொடுத்தார். இந்த மாடலுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன் என்றும் சொன்னார். ஜோடியாகக் கொண்டுபோய்க் கட்டிலில் வைத்தபோது வார்டனம்மாள் இரண்டையும் தொட்டு எண்ணினார். ஒண்ணு, ரெண்டு. மறுபடி, ஒண்ணு, ரெண்டு.

“கையெழுத்துப் போடு பிரமிளா.”

நோட்டில் முன்பக்கத்து ரத்த அழுத்தங்களும் பின்பக்கத்துப் பொருள்களும் ஒன்றை ஒன்று நெருங்கி, நடுவில் ஒரு பக்கம்தான் மிச்சமிருந்தது. சிவப்புச் செருப்பு ஒரு ஜோடி, பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, பிரமிளா என்று புஷ்பம் கையெழுத்திட்டாள். வார்டனம்மாள் எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இனிமேல் இதைப் போட்டுக்கொண்டு விடுதிக்குள் டக்கு டக்கென்று நடந்தால் நேரே டி.சி.தான் என்று திட்டினார். புஷ்பம் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“மேடம், இப்ப இது என்னோடது. நான் சொல்றேன், நீங்க ஒரு தடவ போட்டுக்கங்க.”

அவர் கதவைப் பார்த்தார். புஷ்பம் எழுந்துபோய்த் தாழ் போட்டாள். தயாளன் ரேடியோவை மெதுவாகத் திருப்பி வைத்தான். ஒரு பக்கம் புஷ்பம், ஒரு பக்கம் சுகந்தி தாங்கிக்கொள்ள, ஏழு மாதமாகத் தரையைத் தொடாத கால்கள் சிவப்பு ஹீல்ஸில் நின்றன. கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் நாலு எட்டு. திரும்பும்போது அவர் இடுப்பை ஒரு பக்கமாக அசைத்தார். கொஞ்சம்தான். ஆனால் பிடித்திருந்த இருவரும் சேர்ந்து அசைய வேண்டியதாயிற்று. வெளியே நடையில் கதவில் காதை வைத்திருந்த பிளாக்கே டக்கு டக்கென்ற சத்தத்தை எண்ணியது. எட்டு.

அதன்பின் ஒன்பது நாள் இருந்தார். ஒண்ணு குறையுது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. படுக்கையிலும் செருப்பைக் கழற்றவிடவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புஷ்பம் அனுமதி கேட்டுக் கழற்றி, குதிகாலில் புண் வராமல் எண்ணெய் தடவி, மறுபடி போட்டுவிட்டாள். கஞ்சி நின்றது. தண்ணீர் நின்றது. பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தாள். உறைக்குள் ஒன்றும் வராததால் ஜனங்கள் வாங்குவதற்கில்லாமல் சும்மா வந்து உட்கார்ந்து போனார்கள். கழுத்துவரை சட்டைப் பொத்தான் போடாததற்கு மின்வாரியத்துக்காரர் திட்டு எதிர்பார்த்து நின்றார். கிடைக்கவில்லை. தானே போட்டுக்கொண்டார். பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு, நல்ல வெயிலில், போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த சிவப்பு முனைகள் இரண்டும் மெல்ல இடமும் வலமும் ஆடிக்கொண்டிருந்து, பிறகு நின்றன. புஷ்பம் சற்று நேரம் பொறுத்து, குனிந்து மூச்சைப் பார்த்து, மணியைப் பார்த்து, நோட்டில் எழுத இடம் இல்லாததால் அட்டையில் எழுதினாள்.

குளிப்பாட்டும்போது செருப்பைக் கழற்றிப் புஷ்பத்தின் கையில் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கியது, அம்மாவோடு அனுப்பக் கூடாது என்று தயாளன் சொன்னான். அது நியாயம்தான் என்று பிளாக்கில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

நாலாம் நாள் புஷ்பம் கிளம்பினாள். திருப்பூர் வீடு இன்னும் காத்திருந்தது. வாசலில் பையை இறக்கிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சுகந்தி வேண்டாம் என்று கையைப் பிடித்தாள். இருக்கட்டும் என்று புஷ்பம் திறந்தாள்.

“சேலை மூணு. டிபன் டப்பா ஒண்ணு. பைபிள் ஒண்ணு. தைலம் ஒண்ணு. செருப்பு ஒரு ஜோடி.” பிறகு நிறுத்தினாள். அடியில் அவள் வைக்காத ஒன்று இருந்தது. புதுத் தலையணை. உறையில் மூலைக்கு மூலை பூ தைத்திருந்தது.

சுகந்தி செருப்பை மட்டும் எடுத்துத் தரையில் ஜோடியாக வைத்தாள்.

“போட்டுக்கிட்டுப் போங்கக்கா.”

மரியபுஷ்பம் வாழ்க்கையில் ஹீல்ஸ் போட்டதில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வெளிர்நீலக் கோட்டோடு, தோளில் பையோடு, டக்கு டக்கென்று மூன்று மாடியும் இறங்கினாள். ஒவ்வொரு கதவிலும் ஆள் நின்றார்கள். குழந்தைவேலு பல் எல்லாம் தெரியச் சிரித்தார். கேட்டில் காசிமாயன் எழுந்து சல்யூட் அடித்தார். அவருக்குப் பதில் சல்யூட் அடிக்கக் கையை எடுத்த அந்தக் கணத்தில், செருப்புத் தைக்கிறவர் சொன்னபடியே, வலது குதிகால் முறிந்து தெறித்து, உருண்டு, கேட்டுக்கு அடியில் புகுந்து மறைந்தது. பிள்ளைகள் சாக்கடை ஓரம் தேடினார்கள், ஆட்டோக்களுக்கு அடியில் தேடினார்கள். காசிமாயன் டார்ச் அடித்துப் பார்த்தார். எங்கும் இல்லை.

புஷ்பம் காத்திருக்கவில்லை. ஒரு கால் உயர்ந்தும் ஒரு கால் தாழ்ந்தும், இடுப்பு தானாகவே ஒரு பக்கம் அசைய அசைய, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். காணாமல் போன குதிகாலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அவரவர் வீட்டுக்குள் போய், போகிற போக்கில், தலையணையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வேலையைப் பார்த்தார்கள்.